மாடசாமி உயிரோடு இருக்கிறார்

1

“முடியாதுன்னா, முடியாதுன்னு எழுதிக் குடுங்க சேர்.”

கேட்கவே கூடாது என்று சொல்லிவைத்திருந்ததை ஹம்சிகா கேட்டுவிட்டாள்.

வேலையில் சேர்ந்த புதிதில் கண்டியில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஏசிக் குளிரில் முதல் நாளே அவளுக்குத் தடிமன் பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் மத்தியானம், புரியாணிக்குப் பிறகு எல்லோரும் தூங்கி விழுந்துகொண்டிருந்த நேரத்தில், பயிற்சி கொடுத்தவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: காப்புறுதிப் பணம் இல்லை என்றால் அதை வாயால் சொல்லுங்கள். வீட்டுக்கே போய்ச் சொல்லுங்கள். தேத்தண்ணீர் தந்தால் குடியுங்கள். ஆனால் ‘இல்லை’ என்பதைக் கடிதமாகத் தாருங்கள் என்று ஒருநாளும் தலைமைக் காரியாலயத்தைக் கேட்காதீர்கள். கடிதம் கையில் இருந்தால் அதை யாரிடமாவது கொண்டுபோய்க் காட்டுவார்கள். முறைப்பாடு செய்வார்கள்.

ஹம்சிகா அதைக் கொப்பியில் எழுதி, கீழே ஒரு கோடும் போட்டாள். வீட்டில் முதல் பட்டதாரி. எதைச் சொன்னாலும் கோடு போட்டுப் படித்தே பழகியவள்.

2

ஆரம்பம் நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் பொய் சொல்லி உங்களை உள்ளே கூட்டிப்போக எனக்கு மனமில்லை. இது கதையாகப் பிறந்ததல்ல. ‘பயனாளியின் வெற்றிக்கதை’ என்ற தலைப்பில் நான் எழுதிக் கொடுக்கவேண்டியிருந்த ஒன்று. ஏழைகளுக்கு மலிவுக் காப்புறுதி விற்கும் கம்பெனி ஒன்றில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தேன். வருடாந்த அறிக்கைக்குக் கொழும்புத் தலைமைக் காரியாலயம் கேட்டது: முந்நூறு சொல், ஒரு படம், படத்தில் பயனாளி சிரித்தால் நல்லது.

எழுத உட்கார்ந்தேன்.

‘மாத்தளை மாவட்டத்தின் பசுமை கொஞ்சும் மலைச்சாரலில் வாழ்ந்துவரும் திரு. மாடசாமி அவர்கள்’

பசுமை என்ற இடத்திலேயே எனக்கு வாந்தி வந்தது. விட்டேன்.

‘அவர் மனைவி காத்தாயி இறந்த அன்று வானமும் சேர்ந்து அழு’

வானம் அழவில்லை. மிளகு காயப்போடும் வெயில் அடித்தது.

மூன்றாவதாக, பழக்கதோஷத்தில், இழப்பீட்டுப் படிவத்தை நிரப்புவதுபோல எழுதினேன். அதில் ‘விபத்து நடந்த விதம் (சுருக்கமாக)’ என்று ஒரு பெட்டி இருக்கும். மூன்று கோடு. எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்கள்தான் நிரப்பிக் கொடுப்போம்.

‘ரத்தோட்டைக்கு அப்பால் தனியார் தோட்டமொன்றில் நாட்கூலிக்கு மிளகு பறிக்கையில் ஏணி சரிந்து விழுந்து, முதுகெலும்பு முறிந்து, இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் மரணம். வயது 46.’

இதைவிட நல்ல வாக்கியம் நான் இன்னும் எழுதவில்லை. பேராதனையில் நான்கு வருடம் இலக்கியம் படித்தேன். எழுதப் பழகியது அந்தப் பெட்டிக்குள்தான்.

3

ஹம்சிகா யார் என்று கேட்பீர்கள்.

முதலில் ‘நான்’ என்றுதான் எழுதினேன். ‘நான்’ என்று எழுதியதும் என் பக்கத்தில் எல்லாம் நியாயமாகிவிட்டது. நான் அழுதேன், நான் கொதித்தேன், நான் தூங்கவில்லை. வாசித்துப் பார்த்தால் காத்தாயி செத்ததைவிட எனக்குத் தூக்கம் வராததுதான் பெரிய விஷயமாக இருந்தது. அதனால் எழுந்து வெளியே வந்து, என் கதிரையில் இவளை உட்கார வைத்தேன். இவளை என்னால் திட்ட முடிகிறது.

இவளுக்கு இருபத்தேழு வயது. மாடசாமியின் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். நியமனக் கடிதம் வந்தபோது அப்பா அதை லேமினேட் பண்ணிக்கொண்டு வந்து முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அது நிரந்தர நியமனம் இல்லை, ஆறு மாதத்துக்கு ஒருதரம் புதுப்பிக்கிற ஒப்பந்தம் என்று அவள் சொல்லவில்லை.

(இந்தப் பந்தியைப் படித்துவிட்டு அவள்மேல் இரக்கப்படத் தோன்றினால் அடுத்த பகுதிவரை பொறுங்கள்.)

4

இந்தக் கதையில் எல்லாம் தங்கியிருப்பது மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமையில்.

தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா. வேலைக்குப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் கட்டிடம். ஞாயிறுகளில் தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டு மரண உதவிச் சங்கம் அங்கேதான் கூடும். அந்தக் கூட்டத்துக்குத்தான் ஹம்சிகா காப்புறுதித் திட்டத்தை விளக்கப் போனாள். மாதம் நூற்றிருபது ரூபாய். ஆள் இறந்தால் குடும்பத்துக்கு இரண்டு இலட்சம்.

வடிவம் அ:

ஹம்சிகா எல்லாவற்றையும் தெளிவாக விளக்கினாள். ஆனால் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் அவள் கடைசியாகச் சொன்னது பலருக்குக் கேட்கவில்

நிறுத்துகிறேன். இதை மூன்று தரம் எழுதினேன், மூன்று தரமும் மழை பெய்தது. எனக்குச் சங்கடமான இடத்தில் எல்லாம் மழையைப் பெய்யவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். அன்றைக்கு மழை இல்லை. எல்லோருக்கும் எல்லாம் கேட்டது.

வடிவம் ஆ:

சங்கச் செயலாளர் மகேஸ்வரன் எழுந்து கேட்டார். “அப்ப வீட்டுக்கு எத்தன பேரு பதியணும், மிஸ்?”

“ஒரு பேரு போதும்ண்ணே. ஒங்க மரண உதவிச் சங்கம் மாதிரிதான்.”

இந்த இடத்தில் தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். மரண உதவிச் சங்கத்தில் வீட்டுக்கு ஒரு பெயர்தான் பதிவு. பெரும்பாலும் வீட்டு ஆம்பிளையின் பெயர். ஆனால் அந்த வீட்டில் யார் செத்தாலும், கிழவனோ கைக்குழந்தையோ, கூடாரமும் கதிரையும் பெட்டியும் தேத்தண்ணீர்ச் சாமானும் வந்து இறங்கிவிடும். பதிவுப் புத்தகத்தைத் திறந்து, ‘செத்தவர் பெயர் இதில் இல்லையே’ என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் செருப்பால் அடிப்பார்கள். பெயர் என்பது அங்கே வீட்டைக் குறிக்கும், ஆளை அல்ல.

ஜன்னலோரம் இருந்த காத்தாயி குரல் கொடுத்தாள்.

“அப்ப நான் செத்தாலும் இந்த மனுசனுக்குக் காசு வருமா மிஸ்ஸு? இவருக்கு ஒரு பிளேன்டி ஊத்திக்கக்கூடத் தெரியாது. காசு வந்தா கடையிலயாவது வாங்கிக் குடிப்பாருல்ல?”

கூட்டம் சிரித்தது. புருசன் மாடசாமி தலையைக் குனிந்துகொண்டு, “ஒடம்பு செத்தாலும் இவ வாய் சாகாது மிஸ்” என்றார். அதற்கு இன்னும் சிரித்தார்கள்.

ஹம்சிகாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்:

“வரும்க்கா.”

அவளுக்குத் தெரியும். காப்புறுதி ஒரு உயிருக்கு மட்டும்தான், படிவத்தில் யார் பெயரோ அந்த உயிருக்கு மட்டும்தான் என்று நன்றாகத் தெரியும். கொப்பியில் அதற்கும் கோடு போட்டிருந்தாள். ஆனால் அது மாதக் கடைசி. இலக்குக்கு இன்னும் முப்பது பேர் குறை. ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம் வேறு. ‘ஒரு பெயர் ஒரு ஆளுக்குத்தான், வீட்டில் நாலு பேர் என்றால் நாலு நூற்றிருபது’ என்று சொல்லியிருந்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். அடுத்த கூட்டத்தில் விளக்கிவிடலாம் என்று நினைத்தாள். அடுத்த கூட்டத்தன்று அவள் வேறொரு தோட்டத்தில் அதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று எண்பத்து நான்கு வீடு பதிந்தது. சங்கப் புத்தகத்தில் இருந்த பெயர்களையே மகேஸ்வரன் வாசிக்க வாசிக்க அவள் படிவங்களில் எழுதினாள். எழுபத்தொரு ஆம்பிளைப் பெயர். மாதாமாதம் யோகட் கோப்பையில் காசு போட்டுவைத்துக் கொண்டுவந்து கட்டியது யார் என்று கேட்கிறீர்களா? காத்தாயி மாதிரி எழுபத்தொரு பேர்.*

* அந்த வாக்கியம் கம்பெனிக்கு மிகவும் பிடித்துப்போனது. நாவுலயிலிருந்து வில்கமுவ வரைக்கும் எல்லா உத்தியோகத்தர்களும் ‘உங்கள் மரண உதவிச் சங்கம் மாதிரிதான்’ என்று சொல்லத் தொடங்கினார்கள். ஹம்சிகாவுக்கு ஒரு சான்றிதழும் குடையும் கிடைத்தன. துண்டுப் பிரசுரம், படிவம், பற்றுச்சீட்டு, எதிலும் அந்த வாக்கியம் அச்சாகவில்லை. வாயால் மட்டும் சொன்னார்கள். அந்தக் குடையை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

5

கிளை முகாமையாளர் றிஸ்கான்மீது எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஆளின்மீது அல்ல, நான் எழுதுகிற பாத்திரத்தின்மீது.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதை சுலபம். கெட்டவராக எழுதியும் பார்த்தேன், பல்லைக் குத்திக்கொண்டு பேசுகிற மாதிரி. நிற்கவில்லை. மனிதர் மாத்தளைக்காரர், காத்தாயியின் செத்தவீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் வந்து கடைசிவரை நின்றவர். ஞாயிறுகளில் வேலை செய்தால் அவருடைய மனைவி ஸரீனா செய்த வட்டிலப்பம் ஹம்சிகாவுக்கு வரும்.

தோழி மர்வா இதைப் படித்துவிட்டு, “எங்கட ஆள வில்லனாக்கிட்டா ஒன்ன விட மாட்டேன்” என்றாள். “அப்ப யாரை ஆக்கிறது? சிங்கள ஆளையா?” என்றேன். “அது இன்னும் கரச்சல். ஒங்கட ஆளயே ஆக்கு.” “எங்கட ஆள் அந்த உயரத்துல ஒருத்தரும் இல்லையேடி.” இரண்டு பேரும் சிரித்தோம். அது நல்ல சிரிப்பு இல்லை.

வில்லன் கொழும்பில் உள்ள ஒரு கணினித் திரை. பெயரைத் தட்டினால் ‘காப்புறுதி செய்யப்பட்டவர்: உயிருடன்’ என்று காட்டுகிறது. அது சரியான தகவல். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

6

இப்போது காரியாலயம். திருகோணமலை வீதியில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி.

மாடசாமி பிளாஸ்டிக் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பைல். மரணச் சான்றிதழ், மரண விசாரணை அறிக்கை, கிராம சேவகர் கடிதம், காத்தாயியின் அடையாள அட்டை. காத்தாயி இறந்துவிட்டாள் என்பதற்கு வேண்டிய எல்லாக் கடதாசியும் இருந்தது. அதை யாரும் மறுக்கவில்லை.

“மாமா,” ஹம்சிகா சொன்னாள், “காப்புறுதி ஒங்க பேர்ல இருக்குன்னு கொழும்புல சொல்றாங்க. நீங்க இருக்கீங்களாம்.”

“இருக்கேன்.”

“அதனால காசு வராதாம்.”

அவர் பைலை மூடினார். “நான் உசிரோட இருக்கிறதுதான் பிரச்சினையா மிஸ்ஸு?”

“ஆமா மாமா,” என்றாள் ஹம்சிகா.

“அப்ப, நான் போயி அவ இருந்திருந்தா?”

“அவங்களுக்கு வந்திருக்கும்.”

“ஓகோ.” தலையை ஆட்டினார். “தப்பான ஆளு செத்துருச்சு.”

(இந்த இடத்தில் மாடசாமி அழவேண்டும் என்று ஒரு சஞ்சிகை ஆசிரியர் சொன்னார். அழவைத்தால் வாசகர் கரைந்துவிடுவாராம். மாடசாமி அழவில்லை. அழுதால் சொல்கிறேன்.)

றிஸ்கான் மேசைக்கு அந்தப்பக்கம் நெளிந்தார். “மாமா, அப்பிடிச் சொல்லாதீங்க. அல்லாஹ் ஒங்களுக்கு நீண்ட ஆயுசத் தரணும்.”

“ஆயுச வச்சு என்னா சேர் செய்ய? இன்னும் ஒம்பது நாள்ல கருமாதி.”

றிஸ்கான் அதற்குத்தான் காத்திருந்ததுபோல ஒரு கடதாசியை மெல்லத் தள்ளினார். கொழும்போடு பேசியிருக்கிறாராம். சட்டப்படி ஒன்றும் இல்லையாம். ஆனாலும் மனிதாபிமானத்தில் ‘நல்லெண்ணக் கொடுப்பனவு’ என்று இருபத்தையாயிரம் ரூபாய். வெள்ளிக்கிழமையே கையில். இதற்குமேல் எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று கீழே ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.

“ஒரு படமும் எடுப்போம்,” என்றார் றிஸ்கான், மாடசாமியைப் பார்க்காமல். “பின்னால கம்பெனி பெனர்.”

“படத்துல நான் என்னா செய்யணும்?”

“ஒண்டும் தேவல்ல மாமா. சும்மா நிண்டா போதும். ஹம்சிகா அத ஒரு கதையா எழுதுவாங்க.”

அப்போதுதான் அவள் கேட்டாள். இந்தக் கதையின் முதல் வரி வருவது இங்கே.

றிஸ்கான் பேனையைக் கீழே வைத்தார். “தங்கச்சி, அத மட்டும் கேக்க வாணாண்டு எத்தின தரம் சொல்லி ஈக்கேன்?”

“மூணு வருசமா வாயாலயே சொல்லிட்டோம் சேர். அவரு எங்கயாவது போயி முறைப்பாடு குடுக்கணும்னா ஒரு துண்டு வேணும். இல்லன்னு ஒரு துண்டு.”

“நான் தந்தா என்ட கதை முடிஞ்சி. எனக்கும் மூணு புள்ளைகள் ஈக்கி.” மூச்சு விட்டார். “இல்லாத ஒண்ட எப்பிடி இல்லண்டு எழுதுற? அவர்ட மனைவிக்கு எங்கள்ட்ட காப்புறுதியே இல்ல. சொல்லிக் குடுத்த ஆளு வேற என்னத்தயோ சொல்லி ஈந்தா...”

முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டதும் நல்ல மனதோடுதான். ஹம்சிகா முடித்தாள்.

“நான்தான் சொன்னேன்.”

கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். கையால் எழுதியது. முந்தின நாளே எழுதி, தபால்கந்தோருக்குப் பக்கத்துக் கடையில் பிரதியும் எடுத்திருந்தாள். காரியாலயப் படி ஏறும்போதே எல்லாம் முடிந்திருந்தது. கம்பெனிக்கு அவள் கொடுத்த கடைசிச் சந்தர்ப்பம்தான் அந்தக் கேள்வி.

தாளில் இருந்ததை அப்படியே தருகிறேன்:

‘நான் இந்தக் கம்பெனியின் வெளிக்கள உத்தியோகத்தர். வீட்டுக்கு ஒரு பெயர் போதும் என்றும், வீட்டில் யார் இறந்தாலும் பணம் வரும் என்றும் எண்பத்து நான்கு வீட்டாருக்குச் சொன்னேன். காத்தாயி தன் வாயால் கேட்டபோது “வரும்” என்றேன். அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். கம்பெனியின் பெயரில் சொன்னேன். அதற்காக என்னைப் பாராட்டினார்கள்.’

கீழே முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி, கையெழுத்து.

இதில் என்னுடைய நடை எதுவும் இல்லை. திருத்தவும் மாட்டேன்.

7

இங்கே ஒரு முடிவு வேண்டும். என்னிடம் இருந்தவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று: கொழும்பு பயந்து முழுப் பணத்தையும் கொடுக்கிறது. எழுதினேன். வாசித்துப் பார்த்தேன். கம்பெனிக்கு இலவச விளம்பரம்போல இருந்தது. கிழித்தேன்.

இரண்டு: றிஸ்கான் நீண்ட நேரம் யோசித்து, மேசை லாச்சியைத் திறந்து, அந்தத் தாளில் கம்பெனி முத்திரையைக் குத்துகிறார். இது எனக்கு ஆசையான முடிவு. ஆனால் இரண்டு இலட்சம் போனால் என்ன, பாருங்கள் ஒரு நல்ல மனிதர் என்று காட்டி உங்களை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பும் வேலைக்கு நான் வரவில்லை. லாச்சி திறக்கவில்லை.

மூன்று: காப்புறுதி என்பதே ஏமாற்று, ஏழைகள் தங்கள் சங்கத்தையே நம்பட்டும் என்று ஹம்சிகா ஒரு பிரசங்கம் செய்

இல்லை. சங்கம் கூடாரமும் பெட்டியும்தான் தரும். அதற்குப் பிறகு வருகிற மாதங்களுக்கு ஒன்றும் தராது. அந்த இரண்டு இலட்சம் உண்மையாகவே தேவைப்படுகிறவர்களிடம்தான் அவள் பொய் சொன்னாள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

இனி நடந்தது.

றிஸ்கான் தாளை இரண்டு தரம் வாசித்தார். “இதுல ஒங்கட வேல மட்டும் போகாது தங்கச்சி. ஒங்கட பேர்ல கேஸும் வரும்.”

“தெரியும் சேர். சங்கத்துக்கும் ஒரு பிரதி வச்சிருக்கேன்.”

“ஞாயித்துக்கெழம இத அந்தச் சங்கத்துல வாசிக்கப் போறீங்க. அதானே? திங்கக்கெழம எண்பத்துநாலு வீடும் காசு கட்டுறத நிப்பாட்டும். பொறகு ஒருத்தருக்கும் ஒண்டும் வராது. அத யோசிச்சீங்களா?”

“யோசிச்சேன். யாரு செத்தா வரும், யாரு செத்தா வராதுன்னு தெரிஞ்சுகிட்டு, கட்டுறவங்க கட்டட்டும்.”

மாடசாமி முன்னால் இரண்டு கடதாசி கிடந்தது. ஒன்றில் கையெழுத்து வைத்தால் வெள்ளிக்கிழமை இருபத்தையாயிரம், அதோடு சரி. மற்றதை எடுத்துக்கொண்டு போனால் முறைப்பாடு, விசாரணை, கொழும்புக்கு பஸ், ஒரு வருடமோ இரண்டு வருடமோ, கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

“புள்ள,” என்றார். மிஸ் என்று சொல்லவில்லை. “ஒன் வேலய விட்டுறாத. ஒங்கப்பன் கோயில்ல என்னயப் பாத்தா ஒன்னப் பத்தித்தான் பேசுவான்.”

“அத நான் பாத்துக்கிறேன் மாமா.”

“அப்ப நான் எத எடுக்க? நீயே சொல்லு.”

“நான் சொல்லமாட்டேன். மூணு வருசத்துக்கு முந்தி நான் சொன்னதைக் கேட்டுத்தான் இங்க வந்து குந்தியிருக்கீங்க.”

அது கொடுமையான பதில் என்று எனக்குத் தெரியும். மாற்றி எழுதினேன். மென்மையாக்கினேன். திரும்பவும் இதற்கே வந்தேன். ஒருவரை ஏமாற்றியவள், அவருக்கே வழிகாட்டியாகவும் மாறினால், அது ஏமாற்றின் இரண்டாம் பாகம்.

கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். பிரதி கைப்பையில் இருந்தது. கதவைத் திறந்து படியில் இறங்கினாள். கீழே கடைக்காரர்கள் லொறியிலிருந்து சீமெந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள், தூசி. தெருவுக்கு வந்ததும் மகேஸ்வரனை அழைத்தாள்.

“அண்ணே, ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கு எல்லாரையும் வரச் சொல்லுங்க. பொம்பளைங்க கட்டாயம் வரணும். அவங்கள முன்னுக்கு உக்கார வைங்க... ஆமா, காப்புறுதி விசயம்தான்... இல்லண்ணே, நல்ல விசயம் இல்ல.”

ரத்தோட்டை பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள். நானும் அவளோடு வந்துவிட்டேன். மேலே மாடசாமி எந்தக் கடதாசியை எடுத்தார் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை, அதனால் எனக்கும் தெரியாது.

நீங்கள் இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறீர்கள். மாடசாமி பேனையைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார்.